சனிக்கிழமை சம்பளம், தினத் தண்டல்: குடும்பச் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

லைன்வீடு (திருப்பூர்), 18 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைக்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். ஆர்டர் இருக்கிற வாரம் இரண்டு பேருக்கும் சேர்த்து 6,000 வரும். ஆர்டர் இல்லாவிட்டால் 3,500 வந்தாலே பெரிது. வாடகை 4,500. கரண்டுக்கு வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார்.

பெரியவள் அரசுப் பள்ளியில் எட்டாவது. சின்னவன் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் மூன்றாவது. ஜூனில் அவன் பீஸுக்கும் புத்தகத்துக்கும் தண்டலில் 20,000 எடுத்தோம், கைக்கு வந்தது 18,000. தினம் 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும், செப்டம்பர் நடுவில் முடியும். அதற்கு முன்பே என் இரண்டு பவுன் சங்கிலி 60,000-க்கு அடகுக் கடையில் இருக்கிறது. இரண்டு வட்டி, மாதம் 1,200. மகளிர் உரிமைத் தொகை 1,000 வந்ததும் அப்படியே அந்த வட்டிக்குப் போய்விடுகிறது.

பாலை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராக்கினேன். முட்டையை நிறுத்திவிட்டேன். கேபிளை வெட்டியாயிற்று. ரேஷன் சாமான் ஒன்றையும் விடுவதில்லை. இன்னும் எதைக் குறைப்பது என்று தெரியவில்லை. தீபாவளி அக்டோபர் 31. உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கீரைக்கட்டு (சேலம்)

அக்கா, சமையலறைப் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரேஷன் புழுங்கல் அரிசியை நன்றாகக் கழுவி ஐந்து மணி நேரமாவது ஊற விட்டு உளுந்து போட்டு அரைத்தால் இட்லி நன்றாகவே வரும், தனியாக இட்லி அரிசி வாங்க வேண்டாம். துவரம் பருப்பு ரேஷனில் கிலோ 30, வெளியே இந்த 2024-இல் 160-க்கு மேல். அதனால் அந்த ஒரு கிலோவைச் சாம்பாருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாளில் பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு என்று மாற்றிக்கொள்வேன். போன மே மாதம் பருப்பும் பாமாயிலும் வராமல் இழுத்தடித்து ஜூனில்தானே கொடுத்தார்கள்? அப்படிப்பட்ட மாதத்துக்கு ஒரு டப்பா கொள்ளு இருந்தால் தப்பிக்கலாம்.

உழவர் சந்தைக்கு விடிகாலையில் போனால் காய் நன்றாக இருக்கும். எட்டரை, ஒன்பதுக்குப் போனால் மிச்சத்தை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகிறது.

பழைய_அஞ்சல் (கரூர்)

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். குறைக்க வேண்டியது உங்கள் சமையலறையில் இல்லை என்று நினைக்கிறேன். அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் குறைத்துவிட்டீர்கள்.

நகைக் கணக்கை முதலில் பாருங்கள். இரண்டு வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். வருடத்துக்கு 24 சதவீதம் அது. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் பெரும்பாலும் வருடத்துக்கு 9 முதல் 12 சதவீதத்துக்குள் கிடைக்கிறது. பத்து என்றே வைத்துக்கொள்வோம். 60,000-க்கு வருடம் 6,000, மாதம் 500. நீங்கள் கட்டுவது 1,200. கடையை மாற்றினால் மட்டுமே மாதம் 700 மிஞ்சும். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், நீங்கள் நிறுத்திய பாலுக்கு மாதம் 600. பால் திரும்ப வந்துவிடும், மேலே நூறு ரூபாயும் இருக்கும்.

அடுத்தது தண்டல். 18,000 வாங்கி 20,000 கட்டுகிறோம், பத்து சதவீதம்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 18,000 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே 200, 200 என்று திரும்பிப் போகிறது. ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் நீங்கள் வைத்திருந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதற்கு நூறு நாளில் 2,000 கொடுக்கிறீர்கள். வருடக் கணக்கில் 75 சதவீதத்துக்கு மேல் வரும். நான் அஞ்சலகத்தில் இருந்த காலம் முழுவதும் ஆறு, ஏழு சதவீத வட்டிக்குப் பணம் போட்டவர்களைத்தான் பார்த்தேன். அதே தெருவில் இன்னொரு பக்கம் எழுபத்தைந்துக்குக் கடன் ஓடிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டி (மதுரை)

ஐயா கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தண்டல்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. நான் காய்கறி வண்டி போடுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் சரக்கு எடுக்கக் காசு வேண்டும். எந்த வங்கி அந்த நேரத்துக்குத் தரும்? பத்திரம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வாடகை வீட்டு முகவரி. தண்டல்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார், அந்த வட்டி அதற்குக் கொடுக்கிற விலைதான்.

எனக்குப் பிறகு தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வாநிதி கடன் கிடைத்தது. அப்போது முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அதற்கு மேல் 50,000 என்று இருந்தது. அது வந்த பிறகு தண்டலை விட்டேன். பஜாரில் இன்னும் நிறையப் பேருக்கு அது தெரியாது. ஆனால் ஒன்று, தண்டல் எடுத்து வியாபாரம் செய்தால் அன்றைக்கே அந்தக் காசு லாபம் கொண்டுவரும். பள்ளிக்கூட பீஸ் அப்படி 200 ரூபாயைத் தினம் திருப்பித் தராது. அக்கா வீட்டில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

லைன்வீடு (திருப்பூர்)

ரொம்ப நன்றி ஐயா. யாரும் இப்படிப் பிரித்துக் காட்டியதில்லை. தள்ளுவண்டி அண்ணா சொல்வதும் உண்மை, ஜூனில் எங்களுக்கு அன்றைக்கே கொடுத்தது தண்டல்காரர் ஒருவர்தான்.

இப்போதே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், "எழுபது நாள் ஆகப்போகிறதே, தீபாவளி வேறு வருகிறது, புதுசாக 20,000 போட்டுத் தரட்டுமா, பழைய பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம்" என்று. என் வீட்டுக்காரருக்கும் வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

பழைய_அஞ்சல் (கரூர்)

அதை மட்டும் வாங்காதீர்கள் அம்மா. எழுபதாவது நாளில் உங்கள் பாக்கி 6,000. புதுக் கடன் 20,000-த்தில் பிடித்தம் 2,000 போனால் 18,000. அதில் பாக்கி 6,000 கழிந்தால் கையில் வருவது 12,000. அதாவது 12,000 ரூபாய்க்கு 2,000 பிடித்தம். ஏற்கெனவே பிடித்தம் கொடுத்து வாங்கிய அந்த 6,000-க்கு இரண்டாம் தடவையும் பிடித்தம் கொடுக்கிறீர்கள்.

செப்டம்பர் நடுவில் தண்டல் முடிகிறது இல்லையா? முடிந்த மறுநாளிலிருந்து அதே 200-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். புதிதாக எதையும் குறைக்க வேண்டாம். அந்த 200 இல்லாமல்தான் ஜூனிலிருந்து குடும்பம் நடத்துகிறீர்கள். தீபாவளிக்குள் எட்டாயிரத்துக்கு மேல் சேரும், பிள்ளைகளுக்குத் துணியும் பலகாரமும் அதற்குள் முடியும். தீபாவளி கழிந்து பாதியாக்கிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மே வரை மாதம் 3,000 என்றால் 21,000. அடுத்த ஜூன் பீஸ் வந்துவிட்டது.

எங்கே போடுவது என்று கேட்பீர்கள். அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 100 ரூபாயிலிருந்து போடலாம், இப்போது 6.7 சதவீதம். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், ஜூன் பீஸுக்கு ஒத்துவராது. என் துறை என்பதற்காக அதைச் சொல்ல மாட்டேன். கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ ஆறு மாத ஆர்.டி. இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கிலாவது வாராவாரம் கட்டுங்கள். வீட்டுக்குள் மட்டும் வைக்க வேண்டாம், கை போகும்.

செவிலி_அக்கா (தர்மபுரி)

பணக் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த முட்டை விஷயம்தான் மனதில் நிற்கிறது. கண்ணு, முட்டையை நிறுத்தினாய், பாலைக் குறைத்தாய். அதில் யாருக்குக் குறைந்தது? பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஊற்றிவிட்டு நீ கருப்புக் காப்பி குடிக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் நிறையப் பேர் இப்படித்தான். சிக்கனம் என்று தொடங்கினால் முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் தட்டு. கேட்டால் "எனக்குப் பிடிக்காது" என்பார்கள்.

நின்றுகொண்டே செக்கிங் பார்க்கிற உடம்பு அது. நீ ஒரு வாரம் படுத்தால் அந்த வாரச் சம்பளம் போகிறது, மருந்துச் செலவு தனி. முட்டை ஆறு ரூபாய். நிலக்கடலை ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களியோ கூழோ, இவை எதுவும் பெரிய விலை இல்லை. மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு, பத்தாம் வகுப்பு வரை. எட்டாவது ஒன்பதாவது வந்ததும் பெண் பிள்ளைகள் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் விடுவார்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல், அது அவள் பங்கு. பள்ளியில் வாரந்தோறும் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் வீசாமல் சாப்பிடச் சொல்.

இன்னொன்று. சுய உதவிக் குழு எங்கள் மாவட்டத்தில்தான் 1989-இல் தொடங்கியது. எங்கள் குழுவில் உறுப்பினருக்குத் தரும் உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அந்த வட்டியும் குழுவுக்கே சேர்கிறது. உங்கள் லைனில் குழு இருந்தால் சேர்ந்துகொள். வாரா வாரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து வசூலிக்கிற மைக்ரோ பைனான்ஸ் குழுவைச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

ஓவர்லாக்_தம்பி (அவிநாசி)

நானும் பனியன் கம்பெனி டெய்லர்தான் அக்கா. சனிக்கிழமை சம்பளக்காரனுக்கு ஒரு வழி சொல்கிறேன், எங்கள் வீட்டில் இதுதான் ஓடுகிறது.

வாடகை மாதத்துக்கு, சம்பளம் வாரத்துக்கு. அதனால் 4,500-ஐ நான்காக்கி ஒவ்வொரு சனியும் 1,125 தனிக் கவரில் போட்டுவிடுவோம். எல்லா மாதச் செலவையும் நான்கு சனிக்கு மட்டுமே பிரிப்போம். வருடத்துக்கு 52 சனி, மாதம் நான்கு என்றால் 48. மிச்சம் நான்கு சனிக்கு வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். இந்த ஆகஸ்டிலேயே 31ஆம் தேதி ஐந்தாவது சனி. அடுத்தது நவம்பர் 30. நாங்கள் அந்தச் சம்பளத்தில் மளிகைக்கு மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை பீஸுக்கு என்று ஒதுக்கிவிடுவோம். முன்னே இதே சம்பளம் ஐந்தாவது வாரமும் எப்படிப் போனது என்றே தெரியாமல் போய்விடும்.

அப்புறம் அண்ணனிடம் இதைக் காட்டுங்கள், ஆம்பளை சொன்னால் ஒருவேளை கேட்பார். பேக்கரியில் இரண்டு வேளை டீயும் பப்ஸும் என்றால் நம் ஊரில் தினம் நாற்பது ஐம்பது ஆகிறது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. மெஷினில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு அந்த டீ வேண்டும். ஆனால் வீட்டு நோட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏறுகிற மாதிரி அதுவும் ஏற வேண்டும். எங்கள் வீட்டு நோட்டில் என் செலவுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. அதை எழுதத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் பணத்தைப் பற்றிச் சண்டை குறைந்தது.

போனஸையும் விடாதீர்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், பீஸ் ரேட் ஆளுக்கும் உண்டு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையைக் கேளுங்கள், நம் பங்கு 0.75 சதவீதம்தான். கான்டிராக்டர் மூலம் போனாலும் உரிமை உண்டு. அக்கா, உங்கள் பெயரிலும் கேளுங்கள், அண்ணன் பெயரில் மட்டும் இல்லை.

வகுப்பறை (ஈரோடு)

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாக் கடனும் சின்னவன் பீஸிலிருந்து தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இலவசமாகத் தரும் 25 சதவீத இடம் நுழைவு வகுப்பில்தான், மூன்றாம் வகுப்பில் கிடைக்காது. இன்னும் ஒன்பது வருடம் ஒவ்வொரு ஜூனும் இந்தப் பீஸ் ஏறிக்கொண்டேதான் போகும். ஆறாம் வகுப்புக்குள்ளாவது அவனை அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள் என்பேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும், கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டும். மகளுக்குக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. பையன்களுக்கும் இந்த மாதம் 9ஆம் தேதி கோவையில் தமிழ்ப் புதல்வன் தொடங்கியிருக்கிறார்கள். மகளைப் பதினொன்றாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்லி உறவினர் யாராவது வருவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். இரண்டு வருடப் பெருமைக்காக அவளுடைய நான்கு வருடக் கட்டணச் சலுகை போய்விடும்.

லைன்வீடு (திருப்பூர்)

டீச்சர், நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இவர் எட்டாவதோடு நின்று பனியன் வேலைக்கு வந்தவர். பையன் இங்கிலீஷில் ரைம்ஸ் சொல்வதைக் கேட்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம். அந்தப் பள்ளியை நிறுத்து என்று என்னால் இப்போது சொல்ல முடியாது.

வகுப்பறை (ஈரோடு)

அவர் ஆசையில் தப்பே இல்லை அம்மா. இப்போது நிறுத்தச் சொல்லவில்லை. ஒருநாள் அவரை உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, எத்தனை ஆசிரியர்கள், வகுப்பு எப்படி நடக்கிறது என்று அவரே பார்க்கட்டும். எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிற பள்ளியைத் தேடிப் பிடிக்க உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் காலை உணவும் இருக்கிறது, உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு அது பெரிய உதவி.

மீட்டர்பெட்டி (கோவை)

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்களைப் போன்ற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஓடினால், தனி இணைப்பில் பில் நூறு ரூபாய்கூட வராது, ஜூலையில் 4.83 சதவீதம் ஏற்றிய பிறகும். ஓனருக்கு நீங்கள் கொடுப்பது 960. நான்கைந்து வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினாலே கீழ் அடுக்கில் இருக்கும் குறைந்த விலையும் போய்விடும். அதனால் ஓனர் லாபம் பார்க்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், அவர் கட்டுவதே அதிகமாக இருக்கலாம். தனிச் சமையலறையும் தனி வாசலும் இருக்கிற வீட்டுக்குத் தனி இணைப்பு கேட்கலாம். லைனில் எல்லோரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று சொல்லுங்கள். ஒருத்தராகப் போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

கீரைக்கட்டு (சேலம்)

தீபாவளிச் சீட்டு பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எங்கள் தெருவில் மாதம் 500 கட்டினால் பாத்திரமும் பட்டாசும் இனிப்பும் தருகிறார்கள்.

பழைய_அஞ்சல் (கரூர்)

பதிவு செய்த ஏலச்சீட்டுக்கு 1982 சட்டம் இருக்கிறது, நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் சொல்வது அது இல்லை. பதிவுச் சான்று கேளுங்கள், காட்டவில்லை என்றால் வேண்டாம். தெரிந்தவர், நல்லவர் என்பது மட்டும் போதாது. அவர் நல்லவராகவே இருந்தாலும், கட்டியவர்கள் பாதியில் நின்றால் அவரால் தர முடியாது.

லைன்வீடு (திருப்பூர்)

இவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஐந்தாவது சனி கணக்கைக் கேட்டுக் காலண்டரை எடுத்துப் பார்த்தார். தண்டலை இனி எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். முதலில் நகையை மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம், அடகுக் கடையில் 60,000 கொடுத்தால்தானே சங்கிலி கைக்கு வரும்? அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

பழைய_அஞ்சல் (கரூர்)

சில வங்கிக் கிளைகளில் அடகுச் சீட்டைப் பார்த்துக் கடனை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள், எல்லாக் கிளையிலும் இல்லை. முதலில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் நெருங்கின உறவில் ஒருவர் அரை நாளுக்கு மட்டும் பணம் கொடுத்து உதவ வேண்டியிருக்கும். அவரையும் கூடவே அழைத்துப் போங்கள். காலையில் நகையைத் திருப்பி, நேராக வங்கியில் வைத்து, மதியத்துக்குள் அவர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிடலாம். அவருக்கும் பயம் இருக்காது.

இந்த 2024-இல் உள்ள விதிப்படி வங்கி நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம். இந்த 2024 ஆகஸ்டில் பவுன் 50,000-க்கு மேல் இருக்கிறது, இரண்டு பவுனுக்கு 60,000 தாராளமாகக் கிடைக்கும். அதிகம் தருகிறோம் என்றாலும் 60,000-க்கு மேல் வாங்காதீர்கள். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். ஆதார், பான் அட்டை, இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் இரண்டு பேரும் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று கவலைப்படுவீர்கள். சனிக்கிழமைகளில் வங்கிக்கு விடுமுறை இரண்டாவதும் நான்காவதும் மட்டும்தான். 31ஆம் தேதி ஐந்தாவது சனி என்பதால் திறந்திருக்கும். மேலே ஓவர்லாக் தம்பி சொன்ன அதே நாள். கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போங்கள். நகை மதிப்பீட்டாளர் அன்றைக்குக் காலையில் இருப்பாரா என்று முந்தின நாளே கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.